நின்ற விசிறி 960 சுற்று சுற்றுமா?



எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் ஒரு சிறிய கணினி உண்டு. சாமான் அறை அலமாரியில் இருந்தபடி, அது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாசிப்பயறு நாற்றுகளைப் படம் பிடிக்கும். பிறகு இலைகளின் பரப்பளவைக் கணக்கிட்டுப் பதிவு செய்யும். படிவம் நான்கு மாணவி ஒருவரின் ஆய்வு அது.

ஒரு புதன்கிழமை புறப்பாட நேரத்தில் அவர் என்னிடம் வந்தார். "டீச்சர், நான்கு நாளாகப் படங்கள் நேரத்துக்கு வரவில்லை. நடுவில் பல படங்களைக் காணோம்" என்றார்.

நான் கணினியின் விசிறி வேகத்தைப் பார்த்தேன். திரையில் 960 என்று இருந்தது. நிமிடத்துக்கு 960 சுற்று என்பது மெதுவான வேகம்தான். அறை குளிர்ச்சியாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். "விசிறி ஓடுகிறது. உன் நிரலில்தான் ஏதோ கோளாறு, சரிபார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் இரண்டு மாலை நேரங்களைச் செலவழித்துத் தம் நிரலை வரி வரியாகப் பார்த்தார். அதில் ஒரு பிழையும் இல்லை.

மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தோம். தளர்ந்துபோன ஒரு கம்பி இறக்கையில் சிக்கி, விசிறி அசையாமல் நின்றிருந்தது. திரையோ அப்போதும் 960 என்றே காட்டியது.

நின்ற விசிறி 960 சுற்று சுற்றுவது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, ஒரு லினக்ஸ் இயக்கியை எப்படிச் சோதிப்பது, அதிலுள்ள பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் கற்றுக்கொள்ளலாம்.

இயக்கி என்றால் என்ன?

விசிறி, விசைப்பலகை, அச்சு இயந்திரம் போன்ற ஒவ்வொரு வன்பொருளும் ஒவ்வொரு விதமாகப் பேசும். அந்தப் பேச்சைக் கணினிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நிரலை டிரைவர் அல்லது இயக்கி என்கிறோம். ஃபின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸின் மையப் பகுதி கெர்னல் எனப்படும். பெரும்பாலான இயக்கிகள் இந்தக் கெர்னலுக்குள்தான் வேலை செய்கின்றன. மொழிபெயர்ப்பாளர் தவறாகச் சொன்னால் கேட்பவருக்கு அது தெரியாது. இயக்கியின் பிழையும் அப்படித்தான்.

எங்கள் கணினி ராஸ்பெரி பை கம்ப்யூட் மோடியூல் 4. அதைத் தாங்கும் ஐஓ போர்டில் இஎம்சி2301 என்ற விசிறிக் கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. அதன் வேலை இரண்டு. முதலாவது, விசிறியை எவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும் என்று ஏவுவது. 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுதினால் அதற்கேற்ப வேகம் கூடும், குறையும். இரண்டாவது, விசிறி உண்மையில் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று அளப்பது. ஏவுவதும் அளப்பதும் வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள். 'ஓடு' என்று சொன்னதால் அது ஓடிவிட்டது என்று ஆகாது.

சில்லும் கணினியும் ஐ2சி என்ற இணைப்பு வழியாகப் பேசுகின்றன. ஃபிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கிய முறை இது. தரவுக்கு ஒரு கம்பி, கடிகாரத் துடிப்புக்கு ஒரு கம்பி என இரண்டு கம்பிகளே போதும். ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. இஎம்சி2301இன் முகவரி 47.

லினக்ஸ் கெர்னலில் இந்தக் குடும்பச் சில்லுகளுக்கு ஏற்கெனவே ஓர் இயக்கி உண்டு. ஆனால் கற்றுக்கொள்வதற்காக எங்கள் மன்றத்தின் மூத்த மாணவர்கள் தாங்களே ஒரு சிறு இயக்கியை எழுதினார்கள். அதைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தவள் நான்தான்.

சில்லு வேகத்தை எப்படி அளக்கிறது?

கணினி விசிறிகளில் பெரும்பாலானவை ஒரு முறை சுற்றும்போது இரண்டு மின்துடிப்புகளை அனுப்பும். சில்லு அந்தத் துடிப்புகளை மட்டும் எண்ணுவதில்லை. குறிப்பிட்ட சில துடிப்புகள் வந்து சேர்வதற்குள் தன் கடிகாரம் எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணுகிறது. அந்தக் கடிகாரம் வினாடிக்கு 32,768 முறை அடிக்கும். குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களில் பயன்படுவதும் இதே அலைவெண்தான்.

ஆகவே விசிறி வேகமாகச் சுற்றினால் எண்ணிக்கை குறையும். மெதுவாகச் சுற்றினால் எண்ணிக்கை கூடும். தகவல் ஏட்டில் உள்ள சூத்திரத்தைச் சாதாரண இரு துடிப்பு விசிறிக்குச் சுருக்கினால் இப்படி வரும்:

வேகம் = 3,932,160 × பெருக்கு எண் ÷ எண்ணிக்கை

பெருக்கு எண் 1, 2, 4, 8 என்ற நான்கில் ஒன்று. எங்கள் சில்லில் அது 2. எனவே மேலே உள்ள எண் 7,864,320 ஆகிறது.

எண்ணிக்கை 13 பிட் நீளமானது. ஆனால் சில்லின் ஒரு பதிவகத்தில் 8 பிட்தான் அடங்கும். அதனால் எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்து 62, 63 என்ற இரு பதிவகங்களில் உட்காருகிறது. 62இல் உயர்ந்த பகுதி, 63இல் தாழ்ந்த பகுதி. 16 இடங்களில் 13 பிட்களை இடப்பக்கமாகத் தள்ளி வைத்திருப்பதால் வலப்பக்கம் மூன்று இடங்கள் காலியாக இருக்கும். அவற்றை நீக்க 8ஆல் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: 62இல் 81, 63இல் 232 இருக்கின்றன.

81 × 256 + 232 = 20,968
20,968 ÷ 8 = 2,621
7,864,320 ÷ 2,621 = 3,000 (ஏறக்குறைய)

விசிறி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது.

முதல் பிழை: தாவும் எண்கள்

மூத்த மாணவர்கள் இயக்கியை முதன்முதலில் ஓட்டியபோது திரையில் 1,057 என்று வந்தது. அடுத்த நொடி 1,095. அதற்கடுத்து 1,136. பிறகு 989. திடீரென்று 786,432! ஒரு கணினி விசிறி நிமிடத்துக்கு ஏழு லட்சம் சுற்று சுற்றினால் இறக்கைகள் தூள்தூளாகிவிடும். ஆனால் காதுக்குக் கேட்ட சத்தமோ ஒரே சீராக இருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் நிரலைக் கண்டபடி மாற்றத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும். நாங்கள் சென்ற படிகள் இவை.

படி 1: சில்லு பதில் சொல்கிறதா? ஐ2சி டிடெக்ட் என்ற கட்டளை, எந்தெந்த முகவரிகளில் சில்லுகள் இருக்கின்றன என்று காட்டும். 47ஆம் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக 'யூயூ' என்று வந்தால், ஏதோ ஓர் இயக்கி அந்தச் சில்லை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். இரண்டு நிரல்கள் ஒரே சில்லோடு ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம் வரும். எனவே கையால் சோதிக்கும் முன் இயக்கியை இறக்கிவிட வேண்டும். கண்ட கண்ட கணினியிலும் இந்தக் கட்டளையை ஓட்டிப் பார்க்காதீர்கள். சில சில்லுகள் இதனால் தடுமாறும்.

படி 2: பேசுவது சரியான சில்லுதானா? பதிவகம் 254இல் தயாரிப்பாளர் எண் 93, பதிவகம் 253இல் இஎம்சி2301க்கு உரிய எண் 55 இருக்க வேண்டும். இரண்டும் இருந்தன.

படி 3: கெர்னல் என்ன சொல்கிறது? டிமெசேஜ் கட்டளை கெர்னலின் நாட்குறிப்பைக் காட்டும். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை.

படி 4: சில்லின் எண்கள் சரியா, இயக்கியின் கணக்கு சரியா? இயக்கியை இறக்கிவிட்டு இரு பதிவகங்களையும் நேரடியாகப் படித்தோம். 81, 232. கையால் கணக்கிட்டால் 3,000. இயக்கி காட்டியதோ 1,057.

படி 5: 3,000 என்பதாவது உண்மையா? இதற்குச் சில்லையே சாட்சிக்கு அழைக்கக் கூடாது. விசிறியின் ஓர் இறக்கையில் வெள்ளைத் திருத்த மையால் புள்ளி வைத்தோம். கைப்பேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டக் காணொளி எடுத்தோம். புள்ளி பத்து முறை சுற்றிவர 48 படங்கள் ஆயின. 48 ÷ 240 = 0.2 வினாடி. 0.2 வினாடியில் 10 சுற்று என்றால் வினாடிக்கு 50, நிமிடத்துக்கு 3,000. சில்லு சொல்வது உண்மை. பிழை இயக்கியில்தான்.

இவ்வளவு தெரிந்தபின் காரணத்தைக் காண்பது எளிதாகிவிட்டது. இரண்டு பைட்களைச் சேர்த்துப் படிக்க லினக்ஸில் ஆயத்தமான ஒரு செயற்கூறு உண்டு. அது பின்பற்றும் எஸ்எம்பஸ் நெறியின்படி முதலில் வருவது தாழ்ந்த பைட். எங்கள் சில்லிலோ உயர்ந்த பைட்தான் முதலில் வருகிறது. இரண்டும் இடம் மாறிவிட்டன.

232 × 256 + 81 = 59,473
59,473 ÷ 8 = 7,434 (மீதியை விட்டுவிட)
7,864,320 ÷ 7,434 = 1,057

அதே தவறான 1,057! எண்கள் ஏன் தாவின என்பதும் இப்போது புரிகிறது. உண்மையான எண்ணிக்கை 2,621இலிருந்து 2,620க்கு ஒன்றே ஒன்று குறைந்தாலும், மாறுவது தாழ்ந்த பைட். அதை உயர்ந்த இடத்தில் வைத்துவிட்டதால் சிறு அசைவும் பெரிய தாவலாகிறது. எண்ணிக்கை 2,624 ஆகும்போது பைட்கள் 82, 0. இடம் மாறினால் 0, 82. எட்டால் வகுத்தால் 10. விடை 786,432. பைட்களைச் சரியான வரிசைக்குத் திருப்பித் தரும் செயற்கூறும் கெர்னலில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தியதும் திரையில் 3,000 வந்தது. கைதட்டினோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டாம் பிழை: அமைதியான எண்

இப்போது மீண்டும் அந்த 960க்கு வருவோம்.

விசிறி நின்றுவிட்டால் துடிப்பே வராது. சில்லின் கடிகாரம் அடித்துக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். 13 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 8,191. அதற்குமேல் ஏற முடியாமல் அங்கேயே நின்றுவிடும். பதிவகங்களில் 255, 248 இருக்கும்.

255 × 256 + 248 = 65,528
65,528 ÷ 8 = 8,191
7,864,320 ÷ 8,191 = 960

கணக்கில் தவறே இல்லை. ஆனால் 8,191 இங்கே ஓர் அளவு அன்று. 'என்னால் அளக்க முடியவில்லை' என்று சில்லு சொல்லும் செய்தி அது. அதை வேகம் என்று எடுத்துக்கொண்டு வகுத்ததுதான் எங்கள் பிழை.

இதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? நான் யாருடைய நிரலைக் குறை சொன்னேனோ அதே மாணவிதான். பழைய பதிவேட்டைத் திறந்து எனக்குக் காட்டினார். "டீச்சர், இதற்கு முன் 1,812, 1,807, 1,815 என்று மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த நான்கு நாளும் 960, 960, 960. ஓர் இலக்கம்கூட மாறவில்லை. உண்மையாக அளந்தால் இப்படி வருமா?" என்று கேட்டார்.

வராது. ஊசல் ஆய்வில் பத்து முறை நேரம் அளந்து பத்து முறையும் 1.42 வினாடி என்று எழுதிய மாணவரை நாம் சந்தேகிப்போம் அல்லவா? அதே சந்தேகம் இயந்திரத்தின் மீதும் வரவேண்டும். முதல் பிழை தாவிக் குதித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. இரண்டாம் பிழை அமைதியாக, நம்பும்படியான ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதுதான் அதிக ஆபத்து.

விசிறி நின்றதால் செயலி சூடேறியது. இந்த வகைச் செயலி 80 டிகிரி செல்சியஸை எட்டினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்ததால் இலைப் பரப்பளவைக் கணக்கிட எடுத்த நேரம் நீண்டு, அடுத்த படத்தின் நேரத்தையும் விழுங்கிவிட்டது. நான்கு நாள் தரவு ஓட்டையாகிப் போனது. நாற்று வளரும் முக்கியமான நாட்கள் அவை. மீண்டும் விதைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வெப்பநிலைப் பதிவை ஒரு முறை பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். மன்றத்தில் எல்லார் முன்னிலையிலும் அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நாங்கள் எங்கே தவறினோம்?

ஓடும் விசிறியை மட்டுமே சோதித்தோம். நின்ற விசிறியைச் சோதிக்கவில்லை. விசிறி வேகத்தை அளக்கும் இயக்கி எதற்காக இருக்கிறது? விசிறி நின்றால் சொல்வதற்காகத்தானே! எந்த வேலைக்காக ஒரு கருவி இருக்கிறதோ, அந்த வேலையை மட்டும் சோதிக்காமல் விட்டுவிட்டோம். தீயணைப்பு மணியின் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மணி அடிக்கிறதா என்று பார்க்காமல் போனதுபோல.

இம்முறை சோதனைப் பட்டியலை முதலில் எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வரவேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதினோம்.

1. பைட்கள் 81, 232: விடை 3,000.
2. பைட்கள் 82, 0: விடை 2,997. பைட் வரிசைப் பிழை திரும்பி வந்தால் இது காட்டிக்கொடுக்கும்.
3. பைட்கள் 255, 248: விடை 0, அதாவது விசிறி நின்றுவிட்டது.
4. பைட்கள் 0, 0: சுழியால் வகுக்கக் கூடாது. சில செயலிகளில் இது கெர்னலையே நிலைகுலையச் செய்யும். இயக்கி பிழை என்று அறிவிக்க வேண்டும்.
5. சில்லு பதிலே சொல்லவில்லை: அப்போதும் பிழை என்று அறிவிக்க வேண்டும்.

ஐந்தாவது சோதனையில் ஒரு வேடிக்கை. படிக்க முடியாதபோது கெர்னலின் செயற்கூறு எதிர்ம எண் ஒன்றைத் திருப்பித் தரும். எடுத்துக்காட்டாக, -121. அதைக் கவனிக்காமல் பழைய இயக்கி கணக்குப் போட்டால் வேகம் -491,520 என்று வரும்!

இந்தச் சோதனைகளுக்கு உண்மையான விசிறியை ஒவ்வொரு முறையும் நிறுத்தத் தேவையில்லை. லினக்ஸில் ஐ2சி ஸ்டப் என்ற ஒரு தொகுதி உண்டு. அது இல்லாத ஒரு சில்லை இருப்பதுபோல் காட்டும். அதன் பதிவகங்களில் நாம் விரும்பும் எண்களை எழுதிவிட்டு, இயக்கி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். முதல் நான்கு சோதனைகளையும் அப்படிச் செய்தோம். ஸ்டப்பை 'பதில் சொல்லாதே' என்று சொல்ல முடியாது. அதனால் ஐந்தாவதற்கு மட்டும் நிரலில் ஒரு வரியைத் தற்காலிகமாக மாற்றி, படிக்கும்போதெல்லாம் -121 வருவதுபோல் வைத்துச் சோதித்தோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. போலிச் சில்லுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். பைட் வரிசையை நாம் தவறாகப் புரிந்துகொண்டு, அதே தவறான வரிசையில் எண்களை எழுதி வைத்தால், தவறான இயக்கியும் தேர்ச்சி பெற்றுவிடும். ஆகவே கடைசியில் உண்மையான சில்லோடும் ஒரு முறை சோதிக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு விசிறியின் இணைப்பைக் கழற்றினோம். மீண்டும் இயக்கி, வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே ஒரு நிமிடம் பார்த்தோம். திரையில் 0 வந்தது. ஓடும் விசிறியில் விரலையோ பென்சிலையோ விட்டு நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெருக்கு எண் 2ஆக இருக்கும்போது நிமிடத்துக்கு 960க்குக் குறைந்த எந்த வேகத்தையும் இந்தச் சில்லால் அளக்க முடியாது. 700 சுற்று ஓடும் விசிறிக்கும் எங்கள் இயக்கி 0 என்றே சொல்லும். பெருக்கு எண்ணை 1ஆக மாற்றினால் இந்த எல்லை 480ஆகக் குறையும். ஆனால் சில்லில் மாற்றும்போது இயக்கியின் கணக்கிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இன்னொரு பிழை பிறக்கும். அளவுகோல் எதுவானாலும் அதன் எல்லை எது என்று தெரிந்துகொண்டுதான் பயன்படுத்த வேண்டும்.

நினைவில் கொள்க

• முதலில் சில்லு, பிறகு இணைப்பு, பிறகு கணக்கு என ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.
• ஒரு கருவியின் அளவை அதனோடு தொடர்பில்லாத வேறொரு முறையால் ஒப்பிடுங்கள்.
• தாவும் எண்ணைப் போலவே, அசையவே அசையாத எண்ணையும் சந்தேகியுங்கள்.
• பழுதடைந்த நிலையையும் சோதியுங்கள். கருவி தேவைப்படுவது அப்போதுதான்.
• 'அளக்க முடியவில்லை' என்பதை ஓர் அளவாக எழுதாதீர்கள்.

செய்து பாருங்கள்

1. பைட்கள் 60, 0. பெருக்கு எண் 2. விசிறியின் வேகம் என்ன?
2. அதே பைட்களை இயக்கி இடம் மாற்றிப் படித்தால் திரையில் என்ன வரும்?
3. வினாடிக்கு 240 படம் எடுக்கும் காணொளியில், இறக்கையின் புள்ளி 20 முறை சுற்ற 160 படங்கள் ஆயின. திரையோ 3,600 என்று காட்டுகிறது. உண்மையான வேகம் என்ன? பிழைக்கு ஒரு காரணத்தை ஊகியுங்கள்.

விடைகள்

1. 60 × 256 = 15,360. எட்டால் வகுத்தால் 1,920. வேகம் 4,096.
2. 0 × 256 + 60 = 60. எட்டால் வகுத்து மீதியை விட்டால் 7. திரையில் 1,123,474.
3. 160 ÷ 240 = 0.667 வினாடி. வினாடிக்கு 30 சுற்று, நிமிடத்துக்கு 1,800. திரை சரியாக இரு மடங்கு காட்டுகிறது. சில்லின் பெருக்கு எண் 1ஆக இருக்க, இயக்கி அதை 2 என்று எண்ணியிருக்கலாம்.

பின்குறிப்பு: புதிதாக விதைத்த பாசிப்பயறு நன்றாக முளைத்திருக்கிறது. இப்போது அந்த மாணவியின் பதிவேட்டில் விசிறி வேகத்துக்குப் பக்கத்திலேயே வெப்பநிலையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நான் யாருடைய நிரலையும் குறை சொல்வதில்லை.